மறு: மயஸ்தீனியா கிராவிஸ் – 'தசையயர்வு' சரிவருமா?

தசைகள் வலுவிழக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய்க்குத் தமிழில் 'கடுந்தசைத் தளர்ச்சி' என்று பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை, 'தசையயர்வு' என்பதே பொருந்தும் என்பேன். முதலில் அந்தக் 'கடும்'. கிராவிஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு அதுதான் பொருள், சரி, ஆனால் 'கடுந்தசை' என்று சேர்த்ததும் தசைதான் இறுகிக் கிடக்கிறது என்று படுகிறதே! அதோடு 1895-ல் ஜெர்மன் மருத்துவர் யோலி இந்தப் பெயரை வைத்தபோது உருப்படியான மருந்து கிடையாது. 1934-ல் மருத்துவர் மேரி வாக்கர் பைசோஸ்டிக்மின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் வழி திறந்தது. இன்று பைரிடோஸ்டிக்மின், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள், சிலருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியை எடுக்கும் அறுவை என்று வந்து, பலர் வேலைக்குப் போய் வருகிறார்கள். மூச்சுத் தசை கைவிடும் நெருக்கடி இப்போதும் ஆபத்துதான், அதற்குத் தனிப்பெயர் வைப்போம். நோயின் பெயரிலேயே மிரட்ட வேண்டாம்.

அப்புறம் 'தளர்ச்சி'. இங்கே தசையும் கெடவில்லை, நரம்பும் கெடவில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல். நரம்பு விடுகிற அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் தசையிலுள்ள ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே (ஆன்டிபாடி) அடைத்தும் அழித்தும் விடுகின்றன. அதனால் தசையைத் திரும்பத் திரும்ப இயக்கினால் வலு இறங்குகிறது, ஓய்வு கொடுத்தால் ஓரளவு திரும்புகிறது. காலையில் சரியாக இருந்த இமை மாலையில் தொங்கும், சாப்பிட ஆரம்பித்தபோது மென்ற தாடை பாதியில் நின்றுவிடும். இந்த ஏற்ற இறக்கம் 'தளர்ச்சி'யில் இல்லை, தசைச் சிதைவு நோய்களோடு குழப்பிக்கொள்ளவும் இடமிருக்கிறது. 'அயர்வு' என்றால் உழைத்ததால் வந்தது, ஓய்ந்தால் தீர்வது என்ற இரண்டும் தானாக வந்துவிடும். 'சோர்வு' ஏற்கெனவே மனச்சோர்வுக்குப் போய்விட்டது.

உடல் தன்னையே தாக்குவதைக் குறிக்கும் 'தன்னெதிர்ப்பு' என்பதையும் பெயரில் சேர்க்கச் சொன்னவருக்கு: மரபணுக் கோளாறால் பிறவியிலேயே வரும் வகைகளும் இருக்கின்றன, அவற்றில் எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை. பொதுப்பெயரைத் தசையயர்வு என்று வைத்தால் பிறவித் தசையயர்வு, கண் தசையயர்வு, தசையயர்வு நெருக்கடி என்று கிளை பிரிப்பது சுலபம், தன்னெதிர்ப்பு வேண்டிய இடத்தில் அடைமொழியாக வரட்டும். இதே சந்திப்பில் சிக்கல் வரும் வேறொரு நோயான லாம்பர்ட்-ஈட்டனை மட்டும் இதற்குள் இழுக்காதீர்கள், அதில் சிறிது நேரம் முயன்றால் வலு கூடவே செய்யும், ஆளின் பெயராலேயே இருக்கட்டும்.

'எனக்கும்தான் தினமும் அயர்வாக இருக்கிறது' என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், முன்னால் 'தசை' நிற்கிறதே. எனக்கு உறுத்துவது இரண்டு யகரம் அடுத்தடுத்து வருவதுதான். 'தசை அயர்வு' என்று பிரித்தே எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.