பதில்: ‘வெப்பச்சிதைவு’ வேண்டாம், ‘ஊட்டிச்சுடல்’ சரிப்படுமா?

அண்ணாச்சி, வணக்கம். நார்ப்பின்னலுக்குள் பலபடியை (பாலிமர்) இறக்கிச் சுட்டு செராமிக் ஆக்கும் முறைக்கு (polymer infiltration and pyrolysis) தமிழ்ச்சொல் தேடும்போது நீங்கள் எழுதியது:

> பலபடி ஊடுருவல்–வெப்பச்சிதைவு முறை என்றே வைத்துவிடலாம்.

பொருளில் தப்பில்லை, சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ‘சிதைவு’ என்றதும் எதுவோ கெட்டுப்போனதாகவும் படுகிறது. சிலிக்கன் உள்ள பலபடியான பாலிகார்போசிலேனை, காற்றுப்படாமல் ஆர்கான் வாயுவில் 1000 டிகிரி வரை சுட்டால் ஹைட்ரஜனும் மீத்தேனும் போய் சிலிக்கன் கார்பைடு நிற்கிறது. சூளையிலிருந்து வந்த பானையைச் சிதைந்தது என்று யாராவது சொல்வார்களா?

எங்கள் வீட்டில் காருகுறிச்சிச் சட்டி வாங்கினால் ஆச்சி நேரே குழம்பு வைக்க மாட்டாள். வடிகஞ்சியை ஊற்றி மெல்லக் கொதிக்கவிட்டுக் கவிழ்ப்பாள், மறுநாளும் அதே. நாலு நாள் போனால்தான் அடியில் கசிவது நிற்கும். ‘சட்டியப் பழக்குதேன்’ என்பாள். நார்ப்பின்னலுக்குள் பலபடியை இறக்கிச் சுடுவதும் இந்த வேலைதான். கஞ்சியும் பலபடிதானே!

‘ஊடுருவல்’ தானாக நடப்பது. இங்கே வெற்றிடம் வைத்து நாம் இறக்குகிறோம். ஆகவே ‘ஊட்டல்’. சுற்றுகளை ‘மூன்றாம் ஊட்டு’, ‘ஏழாம் ஊட்டு’ என்று எண்ணவும் தோது. எண்ணித்தான் ஆகவேண்டும்: அடர்த்தி 1 உள்ள பலபடி 100 கன செ.மீ. ஊட்டினால் 100 கிராம். சுட்டபின் 75 கிராம் மிஞ்சினாலும், அடர்த்தி 2.4 ஆகிவிடுவதால் அது அடைக்கும் இடம் 31 கன செ.மீ.தான். மற்றதெல்லாம் பொந்தும் விரிசலும். அதனால்தான் ஆறு முதல் பத்துத் தடவை. போகப்போகத் துளைவாய் அடைபட்டு உள்ளே இறங்குவதும் குறையும்.

‘சுடல்’ என்றால் காற்றுப்பட்ட தீ என்று ஆகாதா என நேற்று ஒருவர் கேட்டிருந்தார். ஆதிச்சநல்லூர்க் கறுப்பு-சிவப்புப் பானைகளில் கறுத்த பாகம் காற்றுக் கிடைக்காமல் வெந்ததுதான். அதையும் சுட்டது என்றுதானே சொல்கிறோம்?

சுற்றைக் குறைக்க முதல் ஊட்டிலேயே டைட்டானியம் போன்ற பொடி சேர்ப்பார்கள். அது பலபடியின் கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிப் பருத்து, சுருக்கத்துக்கு ஈடுகொடுக்கும். (பொடி நைசாக இல்லாவிட்டால் நாரே சல்லடையாகி வெளியே நிறுத்திவிடும்.) இந்தப் பொடிக்கு (active filler) நீங்கள் சொன்ன ‘செயல்படு நிரப்பி’ ஒட்டவில்லை. குயவர் மண்ணில் சேர்க்கும் மணலிலிருந்து சொல் எடுக்கலாமா என்று பார்த்தேன். மணல் இப்படிப் பருக்காது. ‘ஈடுபொடி’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக ஒன்று அகப்பட்டால் போடுங்கள். செராமிக்கைப் ‘பீங்கான்’ எனலாமா என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.