மணிக்கட்டில் 78, மார்பில் 96: எதை எழுதுவது?

கேள்வி (நர்சிங் மாணவி):
வார்டில் ஒரு பெரியவருக்கு மணிக்கட்டில் நாடி 78. மார்பில் ஸ்டெத் வைத்து எண்ணினால் 96. துடிப்பு ஒரே சீராகவும் இல்லை. அவருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் டிஜாக்சின் மாத்திரை கொடுக்க வேண்டும். எந்த எண்ணை எழுதுவது? இன்னொன்று, சிலருக்கு மார்பில் வைத்தால் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது. இடது முலைக்காம்புக்குக் கீழேதான் வைக்கிறேன்.

பதில் (வார்டு சிஸ்டர்):
முதலில் இடத்தைச் சரி பண்ணும்மா. முலைக்காம்பை அடையாளமாக வைக்காதே, ஆளுக்கு ஆள் மாறும், பெண்களுக்கு ரொம்பவே மாறும். விலா எலும்பை எண்ணித்தான் போக வேண்டும். தொண்டைக் குழியிலிருந்து விரலை மார்பெலும்பு மேலேயே கீழே இறக்கு. கொஞ்ச தூரத்தில் குறுக்கே ஒரு மேடு தட்டும். அதற்கு நேர் பக்கத்தில் இருப்பது 2-வது விலா, அதன் கீழே உள்ள பள்ளம் 2-வது இடைவெளி. அங்கிருந்து ஒவ்வொன்றாக 5-வது இடைவெளி வரை வந்து, இடது காறை எலும்பின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே நில். ஒல்லியாக இருப்பவர்களுக்குத் துடிப்பே விரலில் முட்டும்.

பதில் (ஐசியூ நர்ஸ்):
ஸ்டெத்தையும் பாருங்கள். தலைப்பகுதி சுழலும் வகை என்றால் தட்டையான பக்கத்தை விரலால் மெதுவாகத் தட்டுங்கள். சத்தம் வராவிட்டால் மறுபக்கம் திறந்திருக்கிறது, திருப்புங்கள். காதில் மாட்டும் முனை மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சட்டை மேல் வைக்காதீர்கள், துணி உரசுவது மூச்சு மாதிரியே கேட்கும். அப்படியும் கேட்கவில்லையா, முடிந்தவரை அவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். இதயத்தின் முனை மார்புச் சுவரை ஒட்டி வரும்.

கேள்வி கேட்டவர்:
ஒருக்களிக்க வைத்ததும் தெளிவாகக் கேட்டது, நன்றி அக்கா. ஆனால் அந்த 96 அப்படியேதான் இருக்கிறது. லப், டப் இரண்டையும் தனித்தனியாக எண்ணிவிட்டேனோ?

பதில் (வார்டு சிஸ்டர்):
அப்படி எண்ணியிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருக்கும். லப்-டப் சேர்ந்து ஒன்று, அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறாய். சீரில்லாத துடிப்பில் இந்த வித்தியாசம் வரும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், அதாவது இதயத்தின் மேல் அறைகள் தாறுமாறாகத் துடிக்கும்போது, சில துடிப்புகள் இதயம் நிரம்பும் முன்பே வந்துவிடும். சத்தம் மார்பில் கேட்கும், ஆனால் தள்ளுகிற இரத்தம் குறைவு, அந்த அலை மணிக்கட்டு வரை வந்து சேராது. அந்த வித்தியாசத்துக்குப் பெயர் பல்ஸ் டெஃபிசிட்.

நீ மார்பிலும் இன்னொருவர் மணிக்கட்டிலும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரே நிமிடம் எண்ண வேண்டும். ஒருவரே மாற்றி மாற்றி எண்ணினால் அது டெஃபிசிட் கணக்கில் சேராது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதும் இங்கே உதவாது, முழுசாக 60 விநாடி. சார்ட்டில் இரண்டு எண்ணையும் எழுது, சீரில்லை என்பதையும் எழுது. டிஜாக்சினுக்கு மார்பில் வந்த எண்தான் கணக்கு. வயது வந்தவர்களுக்கு 60-க்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிடு. இவருக்கு 60-க்கு மேல்தான், ஆனாலும் இந்த வித்தியாசம் புதிது என்றால் டாக்டரிடம் இப்போதே சொல். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே.

கேள்வி கேட்டவர்:
தோழியை வைத்து ஒரே நேரத்தில் எண்ணினோம். மார்பில் 98, கையில் 80. டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டேன், ஈசிஜி எடுக்கிறார்கள். குழந்தைகளுக்கும் இதே இடம்தானா?

பதில் (ஐசியூ நர்ஸ்):
இல்லை. சுமார் 7 வயதுக்குள் 4-வது இடைவெளி, காறை எலும்பின் நடுக்கோட்டுக்குச் சற்று இடதுபுறமாக. கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தால் அமைதியான பிறகு எண்ணுங்கள், ஸ்டெத்தை உள்ளங்கையில் சூடாக்கிவிட்டு வையுங்கள்.