மறு: பழம் ஊறவைத்த மதுவுக்கு என்ன சொல்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பழம் ஊறவைத்த மதுவுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இரண்டு வாரமாக ஓடும் இந்த இழையை நேற்றுதான் முழுதாகப் படித்தேன். இங்கே ஒசாகாவில் ஜூன் மாதம் என்றால் கடைக்குக் கடை பச்சை உமெக் காய் குவிந்துகிடக்கும். பிளம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். பக்கத்திலேயே அகன்ற வாய் ஜாடி, கற்கண்டு, நிறமில்லாத 35 விழுக்காட்டு மது எல்லாம் அடுக்கியிருக்கும். ஒரு கிலோ காய்க்கு 1.8 லிட்டர் மது. கற்கண்டு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை அவரவர் நாக்குக்கு ஏற்ப. இப்படி உமெக் காயை மதுவில் ஊறவைப்பதுதான் உமெஷு. நானும் ஒரு ஜாடி போட்டேன். செய்முறையை ஊரிலிருக்கும் தங்கைக்குத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான், நீங்கள் ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறீர்கள் என்று புரிந்தது. நீங்கள் எழுதியவற்றில் சிலவற்றை எடுத்துப்போட்டு, கீழே பதில் சொல்கிறேன்.

> "கனி உட்செலுத்திய மது" எனலாமே. இன்ஃபியூஷனுக்கு அகராதி தரும் சொல்தானே?

அது ஆஸ்பத்திரி இன்ஃபியூஷன் ஐயா, குளுக்கோஸ் ஏற்றுவது. பாட்டிலுக்குள் யாரோ ஊசியால் பழத்தைக் குத்துகிற மாதிரி இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அவர்கள் பாடு.

> பழ ஒயினும் இதுவும் ஒன்றுதான். "நொதிமது" போதும்.

இதைத்தான் ஒப்பவே முடியவில்லை. உமெஷுவில் நொதித்தலே கிடையாது, நடக்கவும் கூடாது. ஜப்பானில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது நொதிக்கவைப்பது குற்றம். ஆல்கஹால் 1 விழுக்காட்டைத் தொட்டாலே சட்டத்தின் கண்ணில் அது மது. ஆனால் வீட்டுக்கு வீடு உமெ போடுகிற பழக்கம் இருந்ததால், 1962-இல் மதுவரிச் சட்டத்தைத் திருத்தி ஊறவைப்பதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அதற்கும் வரம்பு உண்டு: ஏற்கெனவே வரி கட்டிய மதுவாக இருக்கவேண்டும், வலு 20 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, வீட்டார் குடிப்பதற்கு மட்டும், விற்கக்கூடாது. திராட்சை கூடாது, அரிசி, பார்லி போன்ற தானியங்கள் கூடாது. ஏன் 20? அந்த வலுவில் ஈஸ்ட் தலைதூக்காது. புதிதாக மது உண்டாகாது. அதாவது நொதித்தலுக்கும் ஊறுதலுக்கும் நடுவே கோடு கிழிப்பதுதான் அந்தச் சட்டத்தின் வேலையே. நாம் கோட்டை அழித்துவிட்டு இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி?

> பேசாமல் "ஊறல்" என்று வைத்துவிடுங்கள். அழகான சொல், சுருக்கம்.

அழகுதான். முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. அப்புறம் தங்கைக்கு "வீட்டில் ஊறல் போட்டிருக்கிறேன்" என்று எழுதி, அதைத் திரும்பப் படித்ததும் எனக்கே பகீரென்றது. தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற யாருக்கும் ஊறல் என்றால் கல்வராயன் மலையில் போலீஸார் பேரலோடு கவிழ்த்துவிடுவதுதான்: வெல்லமும் வேலம்பட்டையும் நொதித்துக்கொண்டிருக்கும் கள்ளச்சாராயக் கலவை. போதாததற்கு அந்த ஊறல் நொதிப்பது, நம்முடையது நொதிக்காதது. பொருளே தலைகீழாகிவிடுகிறது.

இலங்கை நண்பர்களுக்கு இந்தச் சங்கடம் இருக்காது என்று நினைக்கிறேன். அங்கே கள்ளச்சாராயம் கசிப்பு, அதன் கலவை கோடா. சாராயம் என்பதும் அங்கே கடையில் வாங்குகிற சரக்குதான், தலை குனிந்து சொல்கிற சொல் இல்லை. அதனால்தான் போன வாரம் யாழ்ப்பாணத்து அண்ணா "சாராய ஊறல்" என்று சாதாரணமாக எழுத, மதுரைக்காரர்கள் பதறினார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஊறு என்ற வேரை விட்டுவிட எனக்கு மனமில்லை. சித்த மருத்துவத்தில் அக மருந்துகள் 32 வகை. அதில் ஒன்று தேனூறல். நெல்லியைத் தேனில் ஊறப்போடுவது அந்த வகை. இன்னொன்று தீநீர், அதாவது வாலை என்ற வடிகலத்தில் வடித்தது, ஓமத் தீநீர் போல. ஆக, ஊறவைப்பதையும் வடிப்பதையும் நம் வைத்தியர்கள் எப்போதோ பெயராலேயே பிரித்துவிட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் நெருங்கினால் "கேக்குக்குப் பழம் ஊறப்போட்டாச்சா?" என்று கேட்கிறோமே தவிர யாரும் உட்செலுத்துவதில்லை. ஜப்பானியரும் உமெஷுவுக்குச் சொல்கிற வினை ட்சுகெரு, ஊறுகாய்க்கும் அதே வினைதான். இரண்டு மொழியிலும் மது ஊறுகாயின் பங்காளி!

ஒரு சிக்கல் என்னவென்றால், தேனூறலில் நாம் தேடுவது ஊறிய பண்டத்தை. உமெஷுவில் தேடுவது நீர்மத்தை. ஆகவே ஊறுகாய் அச்சிலேயே ஊறுமது என்று வைத்துப் பார்த்தேன். ஜாடியில் மிஞ்சும் காய் ஊறுபழம். விரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் கனியூறுமது.

> மது எப்படி ஊறும்? பழம்தானே ஊறுகிறது?

இதற்கு ஜாடியே பதில் சொல்கிறது. கற்கண்டு எதற்கு, சீனி போட்டால் ஆகாதா என்று பலர் கேட்பதுண்டு. கற்கண்டு மெல்லக் கரையும். முதல் நாட்களில் வெளியே இனிப்பு குறைவு, மது காய்க்குள் இறங்குகிறது. கற்கண்டு கரையக் கரைய வெளியே செறிவு ஏறி, உள்ளே போன மது காயின் புளிப்பையும் மணத்தையும் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது. சவ்வூடு பரவல் என்று பாடத்தில் படித்ததுதான். காய் மதுவில் ஊறுகிறது, அப்புறம் சாறு காயிலிருந்து ஊறுகிறது. நனைந்து உப்புவதும் ஊறல், சுரந்து வருவதும் ஊறல்; வாயில் எச்சில் ஊறுவதில்லையா? இரண்டு திசையையும் ஒரே வினை தாங்குகிறது. இதை விட்டுவிட்டு வேறு வேர் தேடுவானேன்?

> "ஊறு" என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டு. உடலுக்கு ஊறு செய்யும் மது என்று படிப்பார்கள்.

படிக்கட்டும், பொய்யில்லையே. ஊறுகாயை யாரும் தீங்குகாய் என்று ஒதுக்கவில்லை.

"தேறல்" சொன்ன அம்மாவுக்கு: புறநானூற்றில் யவனர் கலத்தில் வந்த தண்கமழ் தேறலை எனக்கும் பிடிக்கும். ஆனால் தேறல் தெளிவைச் சொல்கிறது, ஊறுவதைச் சொல்லவில்லை. ஒரு வருடம் ஊறிய பிறகு காயை எடுத்துவிட்டு மேலாக இறுத்துக்கொள்கிற தெளிவுக்கு அதை வைத்துக்கொள்ளலாமா? எனக்கு உறுதியில்லை, சொல்லுங்கள்.

இத்தாலிய லிமொன்செல்லோவை என் பட்டியலில் எலுமிச்சை ஊறுமது என்று போட்டிருக்கிறேன். அதில் ஊறுவது பழமே இல்லை, தோல் மட்டும். அதனால் அங்கே கனியூறுமது பொருந்தாது, வெறும் ஊறுமதுதான் நிற்கும். இங்கிலாந்தின் ஸ்லோ ஜின்னுக்கு ஸ்லோ என்ற காயின் பெயரைத் தமிழாக்குவதா, அப்படியே விடுவதா என்பதற்குத் தனி இழை திறக்கிறேன்.

தங்கைக்கு ஊறுமது என்றே எழுதி அனுப்பினேன். "தொட்டுக்கவா, குடிக்கவா?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்புடன்,
ஒசாகாவிலிருந்து