பழைய சுரங்க டயர்கள்: கந்தகநீக்கமா, பிணைப்பவிழ்ப்பா?

அன்புடையீர், வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக நாம் தொகுத்துவரும் ரப்பர்க் கழிவுச் சொற்பட்டியலில், ‘டீவல்கனைசேஷன்’ (பழைய ரப்பரை மீண்டும் பயன்படுத்துவதற்காக அதன் உட்பிணைப்புகளை அறுக்கும் முறை) என்பதற்குப் பினாங்கு நண்பர் முன்வைத்துள்ள ‘கந்தகநீக்கம்’ என்ற சொல்லை ஏற்பதற்கில்லை என்பது என் கருத்து. ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் ‘வல்கனைசேஷன்’ முறையைச் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அவ்வாறு சூடாக்கும்போது, நீண்ட கரிமச் சங்கிலிகளுக்கு இடையே கந்தக அணுக்கள் பாலங்களாக அமைந்துவிடுகின்றன. பழைய டயரைப் பிளாஸ்டிக்கைப் போல உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாமற்போவதற்கு இந்தப் பாலங்களே காரணம். வெப்பம், இயந்திர அழுத்தம், வேதிப்பொருள், நுண்ணலை ஆகியவற்றுள் எதைக் கொண்டு செய்தாலும் அறுபட வேண்டியவை இந்தப் பாலங்கள் மட்டுமே. கந்தகத்தின் பெரும்பகுதி ரப்பருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தவிர, டீசலிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் பணிக்குத்தான் ‘கந்தகநீக்கம்’ இயல்பாகப் பொருந்தும்.

மற்றோர் அன்பர் எழுதிய ‘கட்டவிழ்ப்பு’ கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ‘வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது’ என்று நாளிதழ்கள் அன்றாடம் எழுதி, அச்சொல்லுக்கு வேறொரு நிறம் ஏற்றிவிட்டன. ஆகவே வல்கனைசேஷனுக்குக் ‘கந்தகப் பிணைப்பு’ என்றும், அதன் மறுதலைக்குக் ‘கந்தகப் பிணைப்பவிழ்ப்பு’ என்றும் இணையாக வைக்கலாம். சங்கிலி அறுந்தால் ரப்பரின் வலிமை குன்றும், பாலம் மட்டும் அறுந்தால் அவ்வலிமை பெரும்பாலும் எஞ்சும் என்னும் வேறுபாட்டை ஆசிரியர் விளக்குவதற்கும் இச்சொல் இடங்கொடுக்கிறது.

சுரங்க டயர்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டுக்குப் பணமதிப்பும் உண்டு. கேட்டர்பில்லர் 797 போன்ற பெருஞ்சுமை வண்டிகளின் டயர் ஏறத்தாழ 4 மீட்டர் உயரமும் 5 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. கனத்த ரப்பருக்குள் சூடு தேங்காமலிருக்க வேண்டும் என்பதால், கார் டயரைவிட இதில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். இத்தனை நல்ல சரக்கை ஆஸ்திரேலியச் சுரங்கங்கள் நெடுங்காலமாகத் தம் குழிகளிலேயே புதைத்து வந்திருக்கின்றன. இதற்கு ‘நிலநிரப்பு’ என்று நம் வரைவில் எழுதியிருப்பது பிழை; அது ஊர்க்குப்பைக் கிடங்கைக் குறிப்பது. ‘சுரங்கத்திலேயே புதைத்தல்’ என்று எழுதினால் போதும், தனிச்சொல் வேண்டாம். சிலி நாடு இந்த வழக்கத்தை மாற்ற முனைந்து, 57 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள சக்கரங்களுக்கான டயர்களில் 25 விழுக்காட்டை 2023 முதலும், 75 விழுக்காட்டை 2027 முதலும், முழுவதையும் 2030 முதலும் மீட்டுப் பயன்படுத்தியாக வேண்டும் என்று விதித்துள்ளது.

பைரோலிசிஸ் என்பதற்குத் ‘தீயாற்பகுப்பு’ வேண்டாம். காற்று புகாத கலனில் டயர்த் துண்டுகளைச் சூடாக்கி எண்ணெய், வளி, கரி, எஃகு எனப் பிரிக்கும் அம்முறையில் தீக்கு இடமே இல்லை. ‘எரிக்கிறார்கள்’ என்று மக்கள் தவறாக எண்ணவும் அது வழிசெய்யும். நீராற்பகுப்பு, மின்னாற்பகுப்பு என்ற வரிசையில் ‘வெப்பாற்பகுப்பு’ இயல்பாகவே அமைகிறது.

அரைத்த ரப்பருக்குக் ‘குருணை’ என்ற என் பரிந்துரையை மீண்டும் வலியுறுத்துகிறேன். கோலாலம்பூரின் கெப்போங் பக்கம் ஒரு பட்டறையில் அதைக் கையில் அள்ளிப் பார்த்தேன். நொய்யரிசி போன்ற கருமணிகளுக்கிடையே பஞ்சாகப் பிரிந்த நூலிழைகளும், காந்தத்துக்குத் தப்பிய ஓரிரு கம்பித் துணுக்குகளும் கிடந்தன. அந்த நூல் கார் டயரிலிருந்து வந்தது. பெரிய சுரங்க டயரின் கூடு முழுதும் எஃகு. நம் மலேசியாவில் சாலைத் தாருடன் கட்டிப்பாலையும் கலக்கிறார்கள். அது மரத்திலிருந்து நேரே வரும் ரப்பர் என்பதால் இந்தப் பட்டியலில் சேராது.

டயர், ரப்பர் இரண்டையும் அப்படியே விடுவோம்.

ஒன்றே ஒன்று எஞ்சுகிறது. கந்தகத்துக்குப் பதிலாகப் பெராக்சைடு என்ற வேதிப்பொருள் கொண்டு பிணைக்கப்படும் ரப்பர் வகைகளில் கந்தகப் பாலம் இல்லை. டயர் பகுதிக்கு அது தடையன்று என்றாலும், குழாய், கம்பி உறை பற்றிய இயல் வரும்போது ‘கந்தக’ என்ற முன்னொட்டை விடுத்துக் ‘குறுக்குப்பிணைப்பு அவிழ்ப்பு’ என்று பொதுவாக எழுத வேண்டியிருக்கும்.