காய்ச்சல் விட்ட மூணாம் நாள் அப்பாவுக்கு மாரடைப்பு: வைரஸ்தான் காரணமா?

குடந்தைப் பொண்ணு:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு. பதினாலு வருஷமா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை. பீடி சிகரெட் தொட்டதில்ல. தினம் காலையில மகாமகக் குளத்தைச் சுத்தி நாலு ரவுண்டு நடப்பார்.

ஐப்பசி அடைமழையில என் பையன் ஸ்கூல்லேருந்து காய்ச்சலோட வந்தான். மூணாவது படிக்கிறான். அவனுக்கு ரெண்டு நாள்ல சரியாப்போச்சு. தாத்தா பக்கத்துலதான் படுப்பான், அதனால அடுத்து அவருக்கு. 102 வரைக்கும் போச்சு. உடம்பு வலி, வறட்டு இருமல். நாலாம் நாள் காய்ச்சல் விட்டுது, ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏழாம் நாள் விடியக்காலை தாடையும் இடது தோளும் வலிக்குதுன்னார். சட்டை நனையற அளவுக்கு வேர்வை. வாயுன்னு நெனச்சு ஓமத் தண்ணி போட்டுக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் அதுலயே போயிடுச்சு. அப்புறம்தான் 108. ஈசிஜி பார்த்ததுமே மாரடைப்புன்னுட்டாங்க. தஞ்சாவூர்ல ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. மூக்குல குச்சி விட்டு எடுத்த டெஸ்ட்ல இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ காய்ச்சல்னு வந்துச்சு.

வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆச்சு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டர், "காய்ச்சல் தூண்டி விட்டிருக்கலாம்"னு ஒரே வரி சொன்னார். வெளியில அவ்வளவு கூட்டம், மேல கேக்க முடியல. போன வாரம் எடுத்த எச்எஸ் சிஆர்பிங்கற ரத்த டெஸ்ட் 4.6. ரத்தத்துல அழற்சி, அதாவது உடம்பு எதையோ எதிர்த்துக் கொதிக்கற நிலை, இருக்குன்னு அர்த்தமாம். காய்ச்சல் போனப்புறமும் அது ஏன் இருக்கணும்? ஃப்ளூ ஊசி போடலாமான்னா, "இந்த நெஞ்சோட ஊசியா?"ன்னு அண்ணன் சண்டைக்கு வர்றான்.

நேத்து ராத்திரி பையன், "என்னாலயாம்மா தாத்தாவுக்கு அப்படி ஆச்சு?"ன்னு கேட்டான். பதில் சொல்லத் தெரியாமதான் இங்க எழுதறேன்.

வார்டு சிஸ்டர்:

தங்கச்சி, முதல்ல பையனுக்கு. இல்லைன்னு அவன்கிட்ட தைரியமா சொல்லு. உன் அப்பாவோட ரத்தக்குழாய்ல அந்தக் கொழுப்புப் படிவு அவன் பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே சேர ஆரம்பிச்சது. காய்ச்சல் அவன் மூலமா வரலைன்னா பஸ்ல வந்திருக்கும், கல்யாண வீட்டுல வந்திருக்கும்.

நான் இருபத்தாறு வருஷம் இதய தீவிர சிகிச்சைப் பிரிவுல நர்ஸா இருந்தேன். மழைக்காலம் வந்தா எங்க கட்டில் நிரம்பிடும். ஒரு கட்டத்துல நானாவே எல்லார்கிட்டயும் கேக்க ஆரம்பிச்சேன்: "போன வாரம் சளி, காய்ச்சல் இருந்துச்சா?" ஆமாம்னு தலையாட்டினவங்க நிறைய. யாருமே அதை டாக்டர்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. விட்டுப்போன காய்ச்சலை எதுக்குச் சொல்றதுன்னு நெனப்பு.

கனடாவுல ஒன்டாரியோவுல இதைக் கணக்கெடுத்துப் பார்த்து 2018ல வெளியிட்டாங்க. டெஸ்ட்ல ஃப்ளூன்னு உறுதியானவங்கள்ல, அதுக்கு முந்தின வருஷமோ அடுத்த வருஷமோ மாரடைப்புன்னு சேர்ந்த 364 கேஸை எடுத்துக்கிட்டாங்க. சாதாரணமா வாரத்துக்கு மூணு, நாலு பேர். ஃப்ளூ உறுதியான அந்த ஒரே வாரத்துல மட்டும் 20 பேர். ஆறு மடங்கு. உன் அப்பாவுக்கு வந்ததும் அதே வாரத்துலதான்.

உள்ள என்ன நடக்குதுன்னா, அந்தக் கொழுப்புப் படிவுக்கு மேல பால் ஆடை மாதிரி ஒரு மெல்லிசு மூடி இருக்கும். வைரஸை எதிர்க்க உடம்பு கிளப்பிவிடற அழற்சி நுரையீரலோட நிக்காது, ரத்தத்தோட எல்லா இடத்துக்கும் போகும். அந்த மூடிக்கு அடியில ஏற்கெனவே உக்காந்திருக்கற செல்களும் உசுப்பப்பட்டு மூடியை அரிக்கும். மூடி கிழிஞ்சா அந்த இடத்துல ரத்தம் உறையும். அந்த நேரம் பார்த்து ரத்தமும் சீக்கிரம் உறையற நிலைமையில இருக்கும். காய்ச்சல்ல இதயம் வேகமாத் துடிக்குது, தண்ணி சரியாக் குடிக்கல, சர்க்கரையும் ஏறியிருக்கும். வயசானவங்களுக்கு இத்தனையும் ஒண்ணாச் சேருது.

ஓமத் தண்ணிக்கு உன்னையே நொந்துக்காதே. பாதிப் பேர் வாயுன்னு நெனச்சு ஏதாவது குடிச்சிட்டுத்தான் எங்க வார்டுக்கு வந்தாங்க. இனிமே அப்பாவுக்கோ வீட்டுல வேற பெரியவங்களுக்கோ தாடை, தோள், முதுகு, மேல்வயிறு எங்க வலிச்சாலும், வேர்வையோட வந்தா நேரா 108. தொலைவுன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்க. தமிழ்நாடு அரசோட இதயம் காப்போம் திட்டத்துல ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின்னு 14 மாத்திரையை அங்கேயே கொடுத்து மேல அனுப்பறாங்க. 2023லேருந்து நடக்குது.

ஒண்ணு கேக்கணும். காய்ச்சல் சமயத்துல உடம்பு வலிக்கு என்ன மாத்திரை கொடுத்தீங்க? அந்த அட்டையைத் தேடி எடுத்துப் பாரு.

ரத்தப் பரிசோதனை மேசை:

நான் லேப் டெக்னீஷியன். சிஆர்பி விஷயத்தை மட்டும் சொல்றேன். அது கல்லீரல் தயாரிக்கிற புரதம். உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் ஏறும், எங்கன்னு சொல்லாது. எச்எஸ்ங்கற நுணுக்கமா அளக்கற முறையில 1க்குக் கீழ இருந்தா இதயத்துக்கு நல்லது, 1லேருந்து 3 நடுத்தரம், 3க்கு மேல போனா கவனிக்கணும். 10ஐத் தாண்டினா அது பெரும்பாலும் சளியோ புண்ணோ, அந்த எண்ணை வச்சு இதயத்தைப் பத்திப் பேசக் கூடாது. காரணம் நின்னுட்டா ரத்தத்துல இருக்கற சிஆர்பி ஒரு நாளைக்குள்ள பாதிக்கும் கீழ இறங்கும். அதனால ஏழு வாரம் கழிச்சு 4.6க்கு ஃப்ளூவைக் குத்தம் சொல்ல முடியாது. சளி, காய்ச்சல் இல்லாத நாள்ல, ரெண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை எடுங்க. அப்பவும் 3க்கு மேலன்னா வேற எங்கேயோ சின்னதா கனன்றுகிட்டே இருக்கு. தொப்பை, கட்டுக்கு வராத சர்க்கரை, மூட்டு, பல் ஈறு. ஈறை யாருமே பார்க்கறதில்ல, அப்பாவோட வாயைத் திறந்து பாருங்க.

இந்தக் கனலை மட்டும் அணைச்சா இதயத்துக்கு நல்லதான்னு கேனகினுமாப்னு ஒரு ஊசி மருந்தை வச்சு சோதிச்சாங்க. மாரடைப்பு வந்து, சிஆர்பி 2க்கு மேல இருந்த 10,061 பேர். 2017ல முடிவு வந்துச்சு. கொலஸ்ட்ரால் இறங்கவே இல்ல, ஆனா மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூணும் சேர்த்து 15 சதவீதம் குறைஞ்சது. அதே மருந்து எதிர்ப்பு சக்தியையும் அடக்கினதால தொற்று வந்து இறந்தவங்க கொஞ்சம் கூடிட்டாங்க. அதனால சிஆர்பியைக் குறைக்கறேன்னு நீங்களா எதையும் வாங்கிக் கொடுக்காதீங்க.

காரைக்குடி வாத்தியார்:

மகளே, எனக்கு 74. என் அனுபவத்தையும் சொல்கிறேன். 68 வயதில் விலா எலும்பை ஒட்டி வரிசையாகக் கொப்புளம். அக்கி என்றார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொண்டேன். பூசும்போது குளிர்ச்சியாக இருந்தது. எட்டாம் நாள் வலி பொறுக்காமல் டாக்டரிடம் போனால், மூன்று நாளுக்குள் வந்திருந்தால் வைரஸ் மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கும் என்றார். அந்த எரிச்சல் ஒன்பது மாதம் இருந்தது. சட்டை உரசினாலே உயிர் போகும். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பின் வேரிலேயே தூங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்பு சக்தி தளரும்போது எழுந்து வருவதுதான் அக்கி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மறு வருடம் நெஞ்சு வலி, பைபாஸ். அக்கியால்தான் என்று நான் சொல்லவில்லை, சர்க்கரை எனக்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. அக்கி வந்தவர்களுக்குப் பக்கவாதமும் இதய நோயும் வரும் அபாயம் ஏறக்குறைய 30 சதவீதம் வரை கூடுதலாம். அக்கிக்கும் தடுப்பூசி உண்டு, 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை. விலை அதிகம்தான். என் மனைவிக்குப் போட்டுவிட்டேன். ஃப்ளூ ஊசி இருவருமே வருடா வருடம் புரட்டாசியில் போட்டுக்கொள்கிறோம். நமக்கு ஃப்ளூ ஏறுவது வடகிழக்குப் பருவமழையில். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் வேண்டும்.

குடந்தைப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அம்மாவுக்கும் அக்கி வந்திருக்கு. கேட்டதும் பக்குன்னு ஆச்சு.

சிஸ்டர், அட்டை கிடைச்சது. டைக்ளோபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்தது. மருந்துக் கடையில கேட்டு வாங்கினோம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள். போதாததுக்கு மூணாம் நாள் தெருமுனை கிளினிக்ல இடுப்புல ஒரு வலி ஊசியும் போட்டுக்கிட்டார். ஈறுல ரெண்டு வருஷமா ரத்தம் வருதாம், இன்னிக்குத்தான் சொல்றார்.

வார்டு சிஸ்டர்:

பயந்தது சரியாப் போச்சு. தைவான்ல 2017ல இதையேதான் பார்த்தாங்க. சளிக் காய்ச்சல் மட்டும் இருந்தா மாரடைப்பு அபாயம் 2.7 மடங்கு. டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரை மட்டும்னா 1.5. ரெண்டும் ஒரே நேரத்துல இருந்தா 3.4. ஊசியா ஏத்தினவங்களுக்கு 7 மடங்கு. இதய நோய், சர்க்கரை உள்ள பெரியவங்களுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தா பாரசிட்டமால் மட்டும் போதும். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்"னு நாமளே கேக்கற பழக்கத்தை விடணும். இது எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கற ஆதங்கம். அந்த அட்டை வீட்டுல இருக்கவே வேண்டாம்.

அண்ணன்கிட்ட இதைக் காட்டு. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடக்கறவங்களுக்கே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்திருக்காங்க. எட்டு நாடு, நம்ம பக்கத்துல வங்கதேசமும் உண்டு. சேர்ந்து மூணு நாளுக்குள்ள போட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ஊசி போட்டவங்கள்ல நூத்துக்கு மூணு பேர் இறந்திருந்தாங்க, போடாதவங்கள்ல அஞ்சு பேர். 2021ல வந்த முடிவு. ஏழு வாரம் ஆன உன் அப்பாவுக்கு அடுத்த செக்கப்லயே கேட்டுப் போடலாம்.

பல் டாக்டர்கிட்ட போகும்போது ஸ்டென்ட் வச்சிருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற குளோபிடோக்ரலையும் ஆஸ்பிரினையும் இதய டாக்டரைக் கேக்காம ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, பல் டாக்டரே நிறுத்தச் சொன்னாலும் சரி. பையன் என்ன சொன்னான்?

குடந்தைப் பொண்ணு:

நீங்க எழுதினதை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். அமைதியாக் கேட்டுக்கிட்டான். இப்ப அவனுக்கு லேசா மூக்கு ஒழுகுது. தானாவே பாயை எடுத்துக்கிட்டு ஹால்ல வந்து படுத்துட்டான். அப்பாவுக்குத்தான் தூக்கம் வரல.