சக பயிற்சி ஆசிரியரின் வகுப்பில் உட்காரும்போது எதைக் குறிப்பது?

கேள்வி – சுண்ணக்கட்டி
ஒரே பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் மூன்று பேர் இருக்கிறோம். ஒருவர் பாடம் எடுக்கும்போது மற்றவர்கள் பார்க்கிறோம். ஆனால் பேச்சு "நல்லா இருந்தது, குரலைக் கொஞ்சம் உயர்த்தலாம்" என்பதோடு நின்றுவிடுகிறது. உருப்படியாகச் சொல்ல என்ன வழி?

மறுமொழி – கடைசிவரிசை
எதைப் பார்ப்பது என்பதைப் பாடம் எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் ஒன்றே ஒன்று, வகுப்புக்கு முன்பே. "என் வகுப்பு எப்படி?" என்றால் பாராட்டுதான் வரும். "யாரிடம் கேள்வி கேட்கிறேன்?" என்றால் எண்ணிச் சொல்லலாம்.

ஒரு தாளில் இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்டால் அந்தக் கட்டத்தில் கோடு, மாணவர் தானாகக் கை தூக்கிச் சொன்னால் புள்ளி. எல்லோரும் சேர்ந்து சொல்லும் பதிலை ஓரத்தில் தனியாகக் குறியுங்கள். ஏமாற்றுவது அதுதான்: நாலைந்து பேரின் உரத்த குரலில் வகுப்பே புரிந்துகொண்டது போலத் தோன்றும்.

காத்திருக்கும் நேரத்தையும் இன்னொரு நாள் அளக்கலாம். கேள்வி முடிந்ததும் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். 3 நொடி விட்டால் பதில்கள் நீள்கின்றன, பதிலே வராத கேள்விகள் குறைகின்றன. பத்துக் கேள்விகளுக்கு அளந்தால் போதும்; எல்லாவற்றையும் அளக்கப் போனால் வகுப்பையே கவனிக்க முடியாது.

மறுமொழி – பாடக்குறிப்பு
"மாணவர்கள் கவனிக்கவில்லை" என்பது தீர்ப்பு. "10.20: பலகையில் எழுதும்போது பின்வரிசையில் நான்கு பேர் நோட்டை மூடினார்கள்" என்பது குறிப்பு. இரண்டாவதைத்தான் எழுத வேண்டும்.

அன்றே உட்கார்ந்து பேசுங்கள், 15 நிமிடம் போதும். பாடம் எடுத்தவர் முதலில் பேசட்டும். பிறகு தாளை விளக்கம் சொல்லாமல் கையில் கொடுங்கள். அவரே படித்துக் கண்டுபிடிப்பது நாம் சொல்வதைவிட ஆழமாகப் பதியும். அடுத்த வகுப்பில் மாற்றப்போகும் ஒன்றை அவரே எழுதிக்கொள்ளட்டும். பலகையில் விடை தவறாகிவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். மாணவர் முன் திருத்தாமல் ஒரு சீட்டை நீட்டலாம். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி – இடைவேளை
கட்டத்தாள் சரி, ஆனால் கடைசி வரிசையில் உட்காராதீர்கள். அங்கிருந்து முதுகுதான் தெரியும். பக்கவாட்டில், முன்பக்கமாக உட்கார்ந்தால் முகங்கள் தெரியும்.

இன்னொன்று, இதில் நான் பிடிவாதம்: அந்தத் தாள் பாடம் எடுத்தவருக்கே சொந்தம். வழிகாட்டி ஆசிரியருக்கு நகல் போகக் கூடாது. மதிப்பெண்ணோடு சேர்ந்துவிட்டால் நண்பர்கள் நல்லதை மட்டுமே எழுதுவார்கள்.

கேள்வி – சுண்ணக்கட்டி
நன்றி. மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை?

மறுமொழி – இடைவேளை
அவர் ஆசிரியரைப் பார்க்கவே வேண்டாம். மூன்று மாணவர்களை மட்டும் கவனிக்கட்டும்: பணியைச் சொன்ன பிறகு எழுதத் தொடங்க எவ்வளவு நேரம், முதலில் யாரிடம் கேட்டார்கள், நோட்டில் என்ன இருக்கிறது. உங்கள் விளக்கம் எந்த வரியில் புரியாமல் போனது என்பது அதில் தெரிந்துவிடும்.