தாய்லாந்து டிடிவி விசா: கம்பெனியிடம் கேட்டுவிட்டுப் போவதா, கேட்காமலே போவதா?

கொங்குக்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கோவையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இந்த மூன்று வருடத்தில் ஆபீஸ் போனது மொத்தமே நாலைந்து தடவைதான். மனைவி டிசைனர், சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறாள். குழந்தை, பள்ளிக்கூடம் என்று ஒரே ஊரில் ஊன்றுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் வேறு நாட்டில் இருந்து பார்க்கலாம் என்று இருவருக்கும் ஆசை.

தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) எங்களுக்கு ஒத்துவரும் போலத் தெரிகிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அங்கிருந்தபடியே வேலை பார்ப்பவர்களுக்கான விசா அது. ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் இருக்கலாம். கையிருப்பாக 5 லட்சம் பாத் காட்டவேண்டும். இன்றைய மாற்று விலையில் 13 லட்ச ரூபாய்க்கு மேல். சேமிப்பைத் திரட்டினால் அதைச் சமாளித்துவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில். "இவர் வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய எங்களுக்குச் சம்மதம்" என்று கம்பெனியிடம் கடிதம் வாங்கவேண்டும். மேனேஜர் காதில் மெல்லப் போட்டேன். "நீ கேட்காமல் இருந்தால் நான் பார்க்காமல் இருப்பேன்" என்றார். விசாவே இல்லாமல் 60 நாள் போய் வா என்கிறான் நண்பன். எது சரி?

மெரினாவாசி:

நண்பர் சொல்வதுதான் சரி, ப்ரோ. மூன்று முறை போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2024 ஜூலையில் நமக்கு 60 நாள் விசா இல்லாமலே அனுமதி கொடுத்தார்கள். போதவில்லை என்றால் அங்கே குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாத் கட்டி இன்னும் 30 நாள் வாங்கலாம். நேரமும் நம்மைவிட ஒன்றரை மணிதான் முன்னால். நம் பத்து மணி மீட்டிங் அங்கே பதினொன்றரைக்கு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

முக்கியமான விஷயம், எச்.ஆரிடம் எழுத்தில் கேட்காதீர்கள். கேட்டால் 'முடியாது' என்று எழுத்தில் வரும். அதற்குப் பிறகு போனால் தெரிந்தே மீறியதாக ஆகிவிடும். மேனேஜர் உங்களுக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்.

தாமிரபரணி:

மேனேஜர் திறந்து வைத்தது, அவர் தப்பிக்கும் கதவை. நாளைக்கு ஏதாவது ஆனால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை அனுமதி என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

நான் வரிக்கணக்கு பார்ப்பவள். இந்த மாதிரிக் கேள்வியோடு மாதம் ஓரிருவராவது என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் போய்த் திரும்பிய பிறகுதான் வருகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

விசா விலக்கு சுற்றுலாவுக்கானது. வெளிநாட்டவர் வேலை செய்வது பற்றித் தாய்லாந்தில் 2017இல் அவசரச் சட்டம் வந்தது, 2018இல் திருத்தினார்கள். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், நாட்டைவிட்டு அனுப்பவும் செய்யலாம். டிடிவி வந்ததன் அர்த்தமே, வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கே உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு முறையான வழி இதோ என்பதுதான்.

அடுத்தது வரி. "பணத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுவராவிட்டால் வரி இல்லை" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்துக்கான விதி. அங்கே உட்கார்ந்து நீங்கள் செய்யும் வேலைக்கு வரும் சம்பளம், எந்த நாட்டு வங்கியில் விழுந்தாலும், அவர்களுடைய வருவாய்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி தாய்லாந்தில் ஈட்டிய வருமானம்தான். இதை யாரும் சொல்வதில்லை. நம்மைக் காப்பாற்றுவது இரு நாட்டுக்கும் இடையே உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம். 183 நாளுக்கு மேல் அங்கே தங்காமல், சம்பளத்தை இந்தியக் கம்பெனியே கொடுத்து, அந்தக் கம்பெனிக்கு அங்கே நிலையான அலுவலகமும் இல்லாமல் இருந்தால், அங்கே வரி கேட்கமாட்டார்கள். அதனால் விசா 180 நாள் தருகிறது, நீட்டித்தால் இன்னும் 180 நாள் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் இந்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

மெரினாவாசி:

அக்கா, சட்டம் நீங்கள் சொல்கிற மாதிரியே இருக்கட்டும். லேப்டாப்பைத் திறந்து வைத்து மின்னஞ்சலுக்குப் பதில் போட்டதற்காக யாரைப் பிடித்தார்கள்? அந்தச் சட்டம் வந்தது உள்ளூர்க்காரர் வேலையைப் பறிப்பவர்களுக்காக. நான் அங்கே யார் வேலையையும் பறிக்கவில்லை. வாடகை கொடுத்தேன், சாப்பிட்டேன், செலவழித்தேன், வந்துவிட்டேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

பனைநிழல்:

நான் இப்போது சியாங் மாயில் டிடிவியில்தான் இருக்கிறேன். தனியாகத் தொழில் செய்பவன், அதனால் எச்.ஆர். தொல்லை இல்லை. சட்ட விவாதத்துக்குள் போகவில்லை, விண்ணப்பித்த அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

2025 தொடக்கத்திலிருந்து எல்லாம் இணையத்தில்தான். தாய்லாந்தின் இ-விசா தளத்தில் ஏற்றவேண்டும், நம் விண்ணப்பம் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்துக்குப் போகும். தாய்லாந்துக்குள் இருந்துகொண்டு விண்ணப்பிக்க முடியாது. கட்டணம் 10,000 பாத் என்று அறிவித்தார்கள், நம்மிடம் ரூபாயில் வாங்குவார்கள். நிராகரித்தால் திரும்பக் கிடைக்காது.

பணம் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். முதல் தடவை மாமாவிடம் ஐந்து லட்ச ரூபாய் வாங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த வாரமே ஸ்டேட்மென்ட் எடுத்து அனுப்பினேன். இருப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் முந்திய மாதங்களில் இவ்வளவு இல்லையே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. கட்டணம் போனது, மாமாவிடம் முகம் காட்டவும் கூச்சமாகிவிட்டது. இரண்டாம் தடவை சொந்தப் பணத்தை மூன்று மாதம் அசையாமல் வைத்திருந்து அனுப்பினேன். கிடைத்தது. ஏஜென்டுகள் "பேலன்ஸ் காட்ட ஏற்பாடு பண்ணித் தருகிறோம்" என்பார்கள். வேண்டாம்.

சியாங் மாய் பற்றி ஒரு வார்த்தை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சுற்றுவட்டாரத்தில் வயலையும் காட்டையும் எரிப்பார்கள். மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி ஊர் என்பதால் புகை அப்படியே தங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பருவத்தில் வரவே வேண்டாம். அப்புறம் ஸ்கூட்டர். பைக்குக்குச் செல்லும் பன்னாட்டு உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். இதை ஆஸ்பத்திரியில் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள்.

காவிரிக்கரை:

நான் எச்.ஆர். வேலையில் பதினோரு வருடம் இருப்பவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள், கோபப்படாமல்.

நாங்கள் பொறாமையில் 'முடியாது' என்பதில்லை. மெரினாவாசி "யாருக்கு நஷ்டம்" என்றார். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் "எங்கள் தரவை இந்தியாவுக்கு வெளியே திறக்கக்கூடாது" என்று ஒரு வரி இருக்கும். ஒரு ஆள் பாங்காக் காபிக்கடை வைஃபையில் அதைத் திறந்தால் ஒப்பந்தத்தை மீறியது கம்பெனி. வி.பி.என். போட்டு மறைக்கலாம் என்கிறார்கள். லேப்டாப் எந்த வலைப்பின்னலிலிருந்து எழுந்தது என்று பாதுகாப்புக் குழுவின் திரையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் ஊழியர் ஒருவர் அப்படித்தான் மாட்டினார். நல்ல வேலைக்காரர். ராஜினாமா கடிதத்தை வாங்கும்போது எனக்கே மனசு கனத்தது. அவர் முன்கூட்டிக் கேட்டிருந்தால், வாடிக்கையாளர் தரவு தொடாத வேறு புராஜெக்டுக்கு மாற்றி இரண்டு மாதம் அனுப்பியிருப்போம்.

கொங்குக்காற்று, கேட்பதிலும் முறை இருக்கிறது. "வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்கலாமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் 'அப்படிக் கொள்கை இல்லை' என்றுதான் பதில் வரும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நேரத்தில் வேலை, எந்தத் தரவைத் தொடுவீர்கள், வரி ஒப்பந்தத்தின் 183 நாள் வரம்புக்குள் இருக்கிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முடிவெடுப்பவர் பயப்படுவது தெரியாத செலவுக்குத்தான்.

மெரினாவாசி:

காவிரிக்கரை ஐயா, உங்களைப் போல எல்லா எச்.ஆரும் இருந்தால் நான் ஏன் ஒளிந்து போகிறேன்? நானும் முதலில் எழுதித்தான் கேட்டேன். தேதியோடு, நேரத்தோடு. எட்டு வாரம் பதிலே இல்லை. ஒன்பதாம் வாரம் பதில் வந்தது: இனி வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரவேண்டும், உங்கள் குழுவுக்கு மட்டும். நான் கேட்டதற்கு ஆறு பேர் சேர்ந்து தண்டனை அனுபவித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அதற்குப் பிறகுதான் இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். "முறையாகக் கேள்" என்று சொல்வது எளிது. விலை கொடுப்பது கேட்கிற ஊழியன்தான்.

காவிரிக்கரை:

அது அநியாயம்தான். மறுக்கமாட்டேன்.

வயலோரம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தாய்லாந்து மட்டும் ஏன்? வெளிநாட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மலேசியா தரும் டிஇ ரந்தாவ் பாஸ் 2022 அக்டோபரிலிருந்தே இருக்கிறது. பினாங்கில் தமிழிலேயே காய்கறி வாங்கலாம். போர்ச்சுகலிலும் இதே மாதிரி டி8 விசா உண்டே.

தாமிரபரணி:

நல்ல கேள்வி. அவை வருமானத்தைப் பார்க்கின்றன. மலேசியா கணினித் துறைக்காரரிடம் ஆண்டுக்கு 24,000 டாலர் கேட்கிறது. போர்ச்சுகல் தன் குறைந்தபட்சக் கூலியின் நாலு மடங்கு கேட்கிறது. 2025இல் அது மாதம் 3,480 யூரோ. ரூபாய்ச் சம்பளக்காரர் பலருக்கு அது எட்டாது. டிடிவி சம்பளச் சீட்டு கேட்டாலும், இவ்வளவு சம்பாதிக்கவேண்டும் என்று கோடு போடவில்லை, சேமிப்பைத்தான் பார்க்கிறது. சம்பளம் குறைவானாலும் சேர்த்து வைத்தவருக்கு இது திறக்கிறது. நம் ஊர்க்காரர்கள் இதைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மெரினாவாசி:

ஒரு வழி தோன்றுகிறது. கொங்குக்காற்றின் மனைவி சொந்தமாகத் தொழில் செய்பவர். அவர் முதன்மை விண்ணப்பதாரராகப் போகட்டும். வேலை ஒப்பந்தங்கள், செய்த டிசைன்கள், இன்வாய்ஸ்கள் போதும். கணவர் துணையாகப் போகலாம், டிடிவியில் கணவன் மனைவிக்கும் 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. கம்பெனிக் கடிதமே தேவையில்லை.

பனைநிழல்:

இது நடக்கும். எங்கள் குடியிருப்பிலேயே இப்படி வந்த தம்பதி இருக்கிறார்கள். திருமணச் சான்றிதழைச் சரியாக எடுத்து வையுங்கள்.

தாமிரபரணி:

விசா கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அவர் கம்பெனிக்கும் அவருக்கும் உள்ள கேள்வியைத் தீர்க்கவில்லையே. காவிரிக்கரை சொன்ன அந்தத் தரவு ஒப்பந்தம், லேப்டாப் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. தூதரகம் கடிதம் கேட்காததால் கடிதம் வேண்டாம் என்று ஆகிவிடாது.

கொங்குக்காற்று:

நேற்று இரவு முழுவதும் இதைப் பற்றித்தான் பேசினோம். எல்லாரும் எழுதியது பெரிய உதவி.

மெரினாவாசி அண்ணா, உங்கள் குழுவுக்கு நடந்ததைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். இரண்டு பேர் சொந்த ஊரில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். நான் கேட்டு அவர்களுக்கு ஆபீஸ் ஓலை வந்தால் என்னால் தாங்க முடியாது. அதனால் முதலில் அந்த இருவரிடமும் பேசினேன். "கேளுங்க, எங்களைச் சாக்கு சொல்லி நிறுத்தாதீங்க" என்றார் அதில் மூத்த அக்கா.

எழுதிக் கேட்கப் போகிறேன். ஒரு வருடம் என்ற ஆசையை விட்டுவிட்டு, நவம்பர் பாதியில் போய் பிப்ரவரி முடிவதற்குள் திரும்புவது என்று நூறு நாள் சொச்சம் கேட்கிறேன். 183க்கு வெகு உள்ளே இருக்கும், இந்த நிதியாண்டிலும் 182 நாளுக்கு மேல் இந்தியாவில்தான் இருப்பேன், புகையும் பெரிதாகத் தொடங்கியிருக்காது. பணத்தை இந்த வாரமே ஒரே கணக்கில் சேர்த்துவிட்டேன், நவம்பர் தொடக்கத்தில் மூன்று மாதம் ஆகிவிடும். விசா மனைவி பெயரில், நான் துணையாக. கம்பெனிக் கடிதம் வராவிட்டால் அவள் மட்டும் போகிறாள், நான் விடுப்பு எடுத்து இரண்டு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவளே சொன்னாள் இதை.

மெரினாவாசி:

நூறு நாளுக்கா டிடிவி? விசா இல்லாமலே 60, நீட்டித்தால் 90. பத்து நாளுக்காக 10,000 பாத்தும் மூன்று மாதக் காத்திருப்புமா? எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

கொங்குக்காற்று:

பத்து நாளுக்காக இல்லை அண்ணா. வீடியோ காலில் ஜன்னல் தெரியாமல் பின்னால் திரை போட்டு உட்கார என்னால் முடியாது. பக்கத்து வீட்டுக் கோழி கூவினாலே பயப்படுவேன், என் சுபாவம் அப்படி. விசா ஐந்து வருடம் செல்லும், அடுத்த வருடமும் போகலாம்.

கடிதத்தை நாளைக்கு அனுப்புகிறேன். பனைநிழல், நவம்பர் பாதியில் வீடு கிடைக்குமா? இங்கிருந்தே முன்பணம் கட்டிவிடலாமா?

பனைநிழல்:

கட்டாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் கூட்டம் அதிகம்தான், ஆனாலும் படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்கவேண்டாம். மூன்று நாள் ஓட்டல் எடுத்துக்கொண்டு நேரில் பாருங்கள். வாடகை பேசும் முன் வீட்டுக்காரரிடம் டி.எம்.30 பதிவு செய்வாரா என்று கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்தான் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். சிலர் சோம்பலில் விட்டுவிடுவார்கள், பிறகு 90 நாள் அறிக்கை (90 நாளுக்கு மேல் தங்குபவர் எங்கே இருக்கிறார் என்று குடிவரவுத் துறைக்குச் சொல்வது) கொடுக்கப் போகும்போது அலைச்சல் உங்களுக்கு. நான் இருக்கும் கட்டடத்தில் மேனேஜர் அம்மா உடனே செய்துவிடுவார். நவம்பரில் காலியாகும் அறை இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.